தெரியாது என்று எழுதிய பத்தி

ஜோகுபாளையம், பெங்களூரு
9 ஜூன் 2025

'கலகல' கம்பெனியின் குறைதீர் அதிகாரி உயர்திரு பத்ரிநாத் அவர்களுக்கு,

ஜோகுபாளையத்தில் 'மங்களம் மெஸ்' நடத்தும் மங்களம் எழுதும் புகார். எந்த மங்களம் என்று மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம், உங்கள் கூடப்பிறந்த அக்காதான். ஆனால் அந்த முறையில் இதை எழுதவில்லை. அக்காவாகப் போனில் கேட்டபோதுதான், "என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா, கோர்ட்டுக்குப் போ" என்று கையை விரித்துவிட்டீர்களே. இனிமேல் உன் போனை எடுத்தால் என் பெயர் மங்களம் இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். எடுக்கவும் இல்லை.

ரக்ஷாதான் வழி சொன்னாள். இந்த மாதிரி கம்பெனிகள் எல்லாம் இந்த நாட்டில் ஒரு அதிகாரியை உட்கார வைத்து, அவர் பெயரையும் விலாசத்தையும் ஊரறியப் போட வேண்டுமாம். யார் புகார் கொடுத்தாலும் அவர் பதினைந்து நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டுமாம். "அம்மா, மாமா பேர்தான் போட்டிருக்கு பாரு" என்று காட்டினாள். மாரத்தஹள்ளி விலாசத்தோடு உன் பெயர். என் தம்பி எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சர்க்காரே சட்டம் போட்டு வைத்திருக்கும்போது நான் எதற்கு விட வேண்டும்?

இனி புகார்.

உங்கள் 'கலகல'வில் 'நாக்கு நகரம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஷ்ரேயாஸ் என்கிற பையன் கடை கடையாகப் போய்ச் சாப்பிட்டு வீடியோ போடுகிறான். போன மாதம் போட்ட வீடியோவில் முதலில் எங்கள் மெஸ் போர்டு தெரிகிறது. அடுத்து ஒரு அடுக்களை. அங்கே ஒரு ஆள், சாப்பிட்ட தட்டில் மிஞ்சின சோற்றை வழித்து மறுபடியும் அண்டாவில் போடுகிறான். "பெங்களூர்ல தமிழ்ச் சாப்பாடு தேடிப் போறவங்க உஷார்" என்று பின்னால் ஒரு குரல். பத்ரி, அது என் அடுக்களையே இல்லை. அங்கே சுவர் முழுக்க நீல டைல்ஸ். என் அடுக்களையில் டைல்ஸ் ஏது? சமையலுக்கு ஆம்பிளை ஆள்தான் ஏது? நானும் இரண்டு பெண்களும்தானே அடுப்படியில் நிற்கிறோம்.

ரக்ஷா ரிப்போர்ட் பட்டனை அமுக்கினாள். 'இது எங்கள் நெறிமுறைகளுக்கு எதிரானது அல்ல' என்று அமுக்கின கையோடு பதில் வந்தது. மனுஷன் பார்த்த பதில் மாதிரி தெரியவில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உறையைப் பிரிக்க ஒரு மனுஷனாவது வந்துதானே ஆக வேண்டும்.

மத்தியானம் வரிசையில் நின்று சாப்பிட்ட இடம் இது. இப்போது ஈ ஓட்டுகிறோம். நாமக்கல் பையன் கவின், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எங்களிடம்தான் சாப்பாடு, அவன் வந்து தலையைச் சொறிந்தான். "நான் நம்பலக்கா. ஆனா ஆபீஸ்ல எல்லாரும் ஓட்டுறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. உன் மாமா கல்லாவில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்படியே போனால் ஆவணி வரைக்கும்கூடத் தாங்காது, ஷட்டரை இழுத்துவிட வேண்டியதுதான். கடை போனால் போகிறது, வேறு ஏதாவது செய்து பிழைத்துக்கொள்வேன். எச்சில் சோறு போட்டவள் என்ற பெயரோடு எப்படிடா தெருவில் நடப்பேன்?

வீடியோவை எடுக்கவும்.

புகார்தாரர்,
மங்களம்

உன் மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். அது புகாரில் சேராது.

❋

மாரத்தஹள்ளி
20 ஜூன் 2025

மங்களம் அவர்களுக்கு,

தங்கள் புகார் பெறப்பட்டுப் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் குறிப்பிடும் காணொளி பயனர் ஒருவரால் பதிவிடப்பட்டதாகும். அதில் உள்ள கூற்று உண்மையா அல்லவா என்று தீர்மானிக்கும் நிலையில் இடைநிலை நிறுவனமாகிய நாங்கள் இல்லை. உரிய நீதிமன்றத்தின் ஆணை கிடைத்தால் உடனடியாகச் செயல்படுவோம். இம்முடிவில் திருப்தி இல்லையெனில் தாங்கள் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம்.

லீனா
(குறைதீர் அதிகாரிக்காக)

அதே உறையில், கையால் எழுதிய தாள்:

அக்கா,

மேலே இருப்பது கம்பெனியின் பதில். திட்டுவதற்கு முன்னால் அதில் இருக்கிற கையெழுத்தைப் பார். என்னுடையது இல்லை. உன் கடிதம் வந்ததுமே, "இவர் என் அக்கா, இந்தப் புகாரை நான் தொடக் கூடாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். லீனாவிடம் போயிற்று. எனக்கு அடுத்த பொறுப்பில் இருப்பவள், ரிச்சர்ட்ஸ் டவுன் பெண். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "உங்க அக்காகிட்ட நான் நேர்ல மாட்டினா செத்தேன் சார்" என்றாள். இருந்தாலும் விதிப்படி என்ன எழுத வேண்டுமோ அதை எழுதிவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

கோபப்படாமல் கேள். யாரோ ஒருத்தர் போட்ட சரக்குக்கு, அதைத் தாங்கி நிற்கிற எங்களைச் சட்டம் பிடிக்காது. அது தப்பான சரக்கு என்று தெரிந்த பிறகும் எடுக்காமல் இருந்தால்தான் பிடிக்கும். தெரிந்த பிறகு என்றால், யாரோ வந்து எங்களிடம் சொன்ன பிறகு இல்லை. கோர்ட்டோ சர்க்காரோ ஆணை போட்டுச் சொன்ன பிறகு. ஆபாசம், ஆள்மாறாட்டம் மாதிரி சிலவற்றுக்குத் தனி விதி உண்டு, அவற்றைப் புகார் வந்ததுமே எடுத்துவிடுவோம். 'இந்த மெஸ் சாப்பாடு மோசம்' என்பது அந்த வகையில் வராது.

இது என்ன அநியாயம் என்பாய். என் மேஜைக்கு வருகிறவர்கள் எல்லோருமே பொய், பொய் என்றுதான் கத்திக்கொண்டு வருகிறார்கள். பொய்யைப் பொய் என்கிறவனும் வருகிறான், உண்மையைப் பொய் என்கிறவனும் வருகிறான். கேட்டவுடனே எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், எவன் குரல் பெரிதோ அவன் காட்டில்தான் மழை.

அதனால் சொல்கிறேன், கோர்ட்டுக்குப் போ. கம்பெனியை எதிர்த்து வழக்குப் போடு. அதிகாரி என்ற முறையில் என் பெயரையும் போடு. ஆஸ்டின் டவுனில் வித்யாலட்சுமி என்று ஒரு வக்கீல், என்னோடு படித்தவள், கெட்டிக்காரி. விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த நீல டைல்ஸ் விஷயத்தை அவளிடம் மறக்காமல் சொல்.

மாமாவை நானும் விசாரித்தேன் என்று சொல்.

பத்ரி

❋

ஜோகுபாளையம்
28 ஜூன் 2025

பத்ரி,

உயர்திருவும் 'அவர்களு'ம் போன கடிதத்தோடு போச்சு.

தம்பி மேல் கேஸ் போடு என்று தம்பியே எழுதின கடிதத்தை உலகத்தில் நான் ஒருத்திதான் வாங்கியிருப்பேன். நம் வீட்டில் யாராவது கோர்ட் வாசலை மிதித்திருக்கிறோமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மாமா சிரித்தார். எத்தனை நாளைக்கு அப்புறம் சிரிக்கிறார் என்று பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடு உனக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் டேங்கர் கோவிந்தராஜன் வந்தான். ஞாபகம் இருக்கும், இந்தக் கோடையில் எங்கள் தெரு போர்வெல் வற்றினபோது தண்ணீர் விட்டவன். அவன் கொண்டுவந்த தண்ணீர் மஞ்சளாக, நாற்றம் பிடித்து இருந்தது. நான் அதை ஒரு குடத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து, 'இந்த டேங்கர் தண்ணியைக் குடிக்காதீங்க' என்று உங்கள் 'கலகல'வில்தான் போட்டேன். தெருவே அவனிடம் வாங்குவதை நிறுத்தியது. இப்போது அவன் வேறு இடத்திலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவருகிறான். சண்டையெல்லாம் இல்லை. ஆனால் மனதில் வைத்திருக்கிறான்.

"என்னம்மா, உங்களைப் பத்தியும் போட்டுட்டாங்களாமே" என்று பல்லைக் காட்டினான்.

"போட்டுட்டாங்க. பொய்."

"நானும்தான் பொய்யுன்னு எழுதினேன், உங்க தண்ணி போட்டோவுக்கு. உங்க தம்பி கம்பெனிக்கே எழுதினேன். சும்மா சொல்றாங்க, எடுங்கன்னேன். கோர்ட் ஆர்டர் கொண்டான்னுட்டாங்க. கோர்ட்டுக்கு யாரும்மா போவா? கெத்தவனு சோத, சோதவனு சத்த."

ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

உனக்கு இது தெரியுமாடா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா? அன்றைக்கு அவன் கேட்டான் என்று நீங்கள் என் போட்டோவை நீக்கியிருந்தால், எதிர் வரிசை வீட்டுக் குழந்தைகள் இன்னமும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். இதை ஒத்துக்கொள்ள எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவன் தண்ணீர் நிஜமாகவே மஞ்சள். என் சோறு நிஜமாகவே சுத்தம். உண்மைக்கும் பொய்க்கும் ஒரே பதிலை எழுதி அனுப்ப உங்களுக்கு ஒரு அதிகாரி எதற்கு, ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதாதா?

நாளைக்கு ரக்ஷா என்னை அந்த வித்யாலட்சுமியிடம் இழுத்துக்கொண்டு போகிறாள். நீ சொன்னாய் என்பதற்காகப் போகவில்லை.

மங்களம்

❋

மாரத்தஹள்ளி
6 ஜூலை 2025

அக்கா,

கோவிந்தராஜன் எழுதினாரா, இல்லையா என்று நான் வாயைத் திறக்க முடியாது. உன் புகாரைப் பற்றி அவர் வந்து கேட்டாலும் திறக்க மாட்டேன். இந்த ஒரு விஷயத்திலாவது என்னை நம்பு.

ரப்பர் ஸ்டாம்ப் என்று எழுதியது சுருக்கென்று தைத்தது. எது மஞ்சள், எது வெள்ளை என்று மாரத்தஹள்ளியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்ய எனக்கு அருகதை இல்லை. அதைத்தான் நான் இத்தனை நாளும் நம்பி வேலை பார்க்கிறேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் உன் விஷயத்தில்... சரி, விடு. அதை எழுதினால் கடிதம் வேறு எங்கோ போய்விடும்.

வித்யாலட்சுமி கேட்கிற கேள்விக்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொல். அவளுக்கும் சேர்த்து நீயே வாதாடாதே.

எங்கள் கான்டீனில் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். தினமும் போடுகிறார்கள். இதை எந்த அதிகாரியிடம் புகார் செய்வது என்று தெரியவில்லை.

பத்ரி

❋

ஜோகுபாளையம்
4 ஆகஸ்ட் 2025

பத்ரி,

கேஸ் போட்டாச்சு. கம்பெனி அதிகாரி என்ற முறையில் முதல் பிரதிவாதி நீ, இரண்டாவது அந்த ஷ்ரேயாஸ். "கம்பெனி பேரை மட்டும் போட்டா யார் கதவை தட்டுறதுங்க? ஆள் பேரைப் போட்டாதான் ஆள் வருவான்" என்று வித்யாலட்சுமி சொல்லிவிட்டாள். காகிதத்தில் 'மங்களம் எதிர் பத்ரிநாத் மற்றும் ஒருவர்' என்று பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வக்கீல் அம்மா டம்ளரில் தண்ணீர் கொடுத்து, "உங்க தம்பி காலேஜ்ல எங்கிட்ட தினம் தோப்பான், கவலைப்படாதீங்க" என்றாள். நல்ல பெண்.

நான் எழுத வந்தது அதுவல்ல. நம் அத்தை மகன் ரகு ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறான் இல்லையா, அவன் கோர்ட் பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்த்திருக்கிறான். என்ன, ஏது என்று எனக்கு ஒரு போன் செய்யக் கூடாதா? நேரே நம் ஊருக்கு, குடியாத்தத்துக்குச் செய்திருக்கிறான். 'அக்காவும் தம்பியும் கோர்ட்டுக்குப் போயாச்சு.' ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் சித்தப்பாவும் அத்தையும் வந்து இறங்கிவிட்டார்கள். ரகு பின்னால் பை தூக்கிக்கொண்டு வருகிறான். பையில் என்ன தெரியுமா? அப்பா வீட்டுப் பட்டா நகல்.

சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னம்மா மங்களம், நம்ம குடும்பத்துல இல்லாத பழக்கம்? அந்த வீட்டுக்கா இவ்ளோ?"

"எந்த வீட்டுக்கு சித்தப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காத. மாடிய நீ எடுத்துக்க, கீழ அவன் எடுத்துக்கட்டும். கெணறு பொது. நான் சொன்னா பத்ரி கேப்பான்."

"ஐயோ, கேஸ் வீட்டுக்கு இல்ல, வீடியோவுக்கு."

ரக்ஷா போனில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். சித்தப்பா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். "இதுல பத்ரி எங்க இருக்கான்?"

"பத்ரி இதுல இல்ல சித்தப்பா."

"அப்ப அவன்தான் எடுத்தானா?"

"அவன் எடுக்கல. வேற ஒரு பையன்."

"எடுத்தவன் ஒருத்தன், இருக்கறவன் ஒருத்தன், இவன் மேல என்னாத்துக்குக் கேசு?"

"அவன்தான் போடச் சொன்னான்."

சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு வேலை ஜாஸ்தி போல. மூளை சூடாயிருக்கும். நல்லெண்ணெய் வச்சுக் குளிக்கச் சொல்லுடி" என்றாள். நான் சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன். முடியவில்லை. உன் மாமா கல்லா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குகிறார்.

அப்புறம் எல்லோருக்கும் இலை போட்டேன். வத்தக்குழம்பு, கீரைக்கூட்டு, அப்பளம். ரொம்ப நாளுக்கு அப்புறம் என் மெஸ்ஸில் ஒரு வரிசை நிறைந்தது. அத்தை இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, அண்டாவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "எச்சி சோறு போடுற கையாடி இது? அந்தப் பையன் நாசமா போக" என்றாள். நான் அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கு வருகிறார்கள். கிணறு பொது என்பதில் சித்தப்பா உறுதியாக இருக்கிறார். தயாராக இரு.

மங்களம்

❋

மாரத்தஹள்ளி
12 ஆகஸ்ட் 2025

அக்கா,

வந்தார்கள். சட்டப்பிரிவு, இடைநிலை நிறுவனம், கருத்துரிமை என்று நான் முடிந்தவரை விளக்கினேன். சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, மாடி உனக்கா, கீழயா?" என்றார். கிணற்றை உனக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். அத்தை என் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துத்தான் போனாள்.

ரொம்பச் சிரித்தேன். இத்தனை நாளில் உன் கடிதத்துக்காக நான் தபால்காரரை எதிர்பார்க்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

ஆனால் இனிமேல் கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம். எங்கள் வக்கீல்கள் பதில் மனு தயார் செய்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்லக் கூடாது, நீ கேட்கவும் கூடாது. வழக்கு நடக்கும்போது வாதியும் பிரதிவாதியும் கடிதம் போட்டுக்கொள்வது முறையில்லை.

பத்ரி

❋

ஜோகுபாளையம்
23 ஆகஸ்ட் 2025

பத்ரி,

கடிதம் வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் வக்கீல் அவசரத்தில் பதில் மனுவின் நகலை வித்யாலட்சுமிக்கு முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார். கையெழுத்து இன்னும் ஆகவில்லை. ரக்ஷா ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். நீங்கள் எழுதவில்லை, வீடியோ பிடித்ததும் நீங்கள் இல்லை, கோர்ட் சொன்னால் நீக்கிவிடுவீர்கள். எல்லாம் நீ ஏற்கெனவே சொன்னதுதான், கேட்டுக்கொண்டேன். ஏழாவது பத்திக்கு வந்ததும் அவள் நிறுத்திவிட்டாள். நான்தான் படி என்றேன்.

'வாதியின் உணவகத்தின் சுத்தம் குறித்தோ, அங்கே உணவு சமைக்கப்படும் முறை குறித்தோ இப்பிரதிவாதிக்கு எதுவும் தெரியாது.'

கீழே உன் பெயர். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

உனக்காடா தெரியாது? சட்டம் படித்த வருஷமெல்லாம் நீ எந்த அடுக்களையில் தின்றாய்? காலையில் அரிசி களைந்து கொடுத்துவிட்டுத்தானே காலேஜுக்குப் போவாய். மிஞ்சின சோற்றை நான் என்ன செய்வேன் என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்குத் தெரியுமே. அந்தப் பையன் என்னைத் தெரியாமல் பொய் சொன்னான். அது எனக்கு வலித்தது. இது அதைவிட வலிக்கிறது, சொல்லிவிட்டேன்.

உன் வேலை உனக்கு முக்கியம். அது எனக்குப் புரியாமல் இல்லை. போட வேண்டும் என்றால் கையெழுத்துப் போடு. போட்ட பிறகு என்னை அக்கா என்று கூப்பிடாதே.

மங்களம்

❋

மாரத்தஹள்ளி
30 ஆகஸ்ட் 2025

அக்கா,

கூப்பிடுகிறேன். கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறது. உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே நடந்துபோன விஷயம் இது. நீ திட்டியதால் செய்தேன் என்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

வக்கீல் மனுவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் வேகமாகப் படித்துக்கொண்டே போய் ஏழாவது பத்தியில் நின்றேன். "இது வழக்கமா போடுற பத்தி சார், எல்லா கேஸ்லயும் இருக்கும்" என்றார். அவர் சொன்னது நிஜம். எத்தனையோ மனுவில் அந்தப் பத்திக்குக் கீழே நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துணிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், யாரோ எவரோ. அங்கெல்லாம் எனக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் எங்கள் தொழிலுக்கே அஸ்திவாரம். தெரியாதவரைக்கும் எங்கள் மேல் பழி இல்லை.

உன் மெஸ் விஷயம் எனக்குத் தெரியுமே அக்கா. பேனாவை எடுத்தேன், அந்தப் பத்திக்குக் குறுக்கே கோடு போட்டேன்.

வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், தெரியும்னு ஒத்துக்கிட்டா கம்பெனி மாட்டிக்கும் சார்!"

"கம்பெனிக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். நான் அங்க சாப்பிட்டு வளர்ந்தவன். என்னை எடுத்துட்டு வேற ஆளைப் போடுங்க."

மேலிடத்தில் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, நான்கு பேர். ஒருவர் கேட்டார், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?" முதலிலேயே எழுதிக் கொடுத்ததை எடுத்துக் காட்டினேன். அதை யாரும் படிக்கவில்லை. எங்கள் கம்பெனிக்கு வருகிற புகாரை மட்டுமல்ல, எங்கள் ஆட்களே எழுதுவதையும் யாரும் படிப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிறகு அந்த இடத்திலேயே லீனாவை அதிகாரியாக்கினார்கள். என்னைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு விதிமுறை சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளத்தில் கைவைக்கவில்லை. அறை போய்விட்டது, கான்டீன் பக்கத்தில் ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். அந்த வெல்லச் சாம்பார் வாசனை நாள் முழுக்க.

புது மனுவில் ஏழாவது பத்தி அப்படியே இருக்கிறது. லீனாதான் கையெழுத்துப் போடுகிறாள். அவள் உன் மெஸ் பக்கமே வந்ததில்லை, அதனால் அவள் எழுதுவது பொய்யில்லை. ஆணையை எதிர்க்க மாட்டோம், கோர்ட் சொல்கிறபடி நடப்போம் என்றும் சேர்த்திருக்கிறார்கள். சட்டம் சரிதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அதில் என் கையெழுத்து மட்டும் சரிவரவில்லை.

உனக்குச் சிரிப்பு வரும், ஆனால் சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். மே மாதத்துக்கு அப்புறம் அப்படித் தூங்கவில்லை.

பத்ரி

❋

ஜோகுபாளையம்
19 செப்டம்பர் 2025

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுதினால் அழுகை, அடுத்த வரி எழுதினால் உன்னைத் திட்டத் தோன்றுகிறது. கோர்ட் நாள் முடியட்டும் என்று மூடி வைத்துவிட்டேன். நேற்று முடிந்தது.

அந்த ஷ்ரேயாஸ் வந்தான். வீடியோவில் பார்த்து ஏதோ பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். ரக்ஷாவைவிடச் சின்னவன், அவன் அம்மாவும் கூடவே வந்திருந்தாள். ஜட்ஜ் அம்மா கேட்டதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டான். ஒரே நாளில் வரிசையாக மெஸ் மெஸ்ஸாகப் போய் எடுத்தானாம். வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டும்போது எந்த அடுக்களை எந்தக் கடையுடையது என்று குழம்பிவிட்டதாம். நீல டைல்ஸ் யாருடையது என்று அவனுக்கே நினைவில்லை. வித்யாலட்சுமி எங்கள் அடுக்களை போட்டோக்களை நீட்டினாள். ஜட்ஜ் அம்மா பார்த்தார், வீடியோவை எடுக்கச் சொன்னார், தப்பு என்று அதே பக்கத்தில் அவனையே சொல்லச் சொன்னார். உங்கள் லீனா எழுந்து, "உடனே செஞ்சிடறோம்" என்றாள். நாங்கள் வீடு வந்து சேர்ந்து காபி போடுவதற்குள் வீடியோவைக் காணோம்.

அவன் அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு, "போம்மா, பையனுக்கு வீட்டுல சமைச்சுப் போடு" என்று அனுப்பிவிட்டேன்.

இன்றைக்குக் கவின் வந்தான், கூட ஆபீஸ் பையன்கள் ஒரு கூட்டம். சாப்பிடும்போது ஒருத்தனும் தலை நிமிரவில்லை, வெட்கம். கோவிந்தராஜன் தண்ணீர் விட வந்தவன், "ஜெயிச்சிட்டீங்களாமே, நானும் கோர்ட்டுக்குப் போகவா?" என்று கேட்டான். போ, மஞ்சள் தண்ணீர் பிடித்த குடத்தோடு நானும் வருகிறேன் என்றேன். "பேடம்மா, வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடிவிட்டான்.

உன் அறை போனதில் எனக்கு மனசு ஆறவில்லை. பொய் சொல்ல மாட்டேன். உன் மாமாவிடம் சொல்லிச் சொல்லிப் புலம்பினேன். "அவன் அறையைத்தான் விட்டான், உன்னை விடல" என்றார். அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவை பேசினாலும் சரியாகப் பேசுகிறார்.

கோர்ட் வராந்தாவில் லீனா என்னைத் தேடி வந்தாள். பயந்து பயந்து, "மேடம், உங்க மெஸ் எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. அதனாலதான் அப்படி எழுதினேன், தப்பா நெனைக்காதீங்க" என்றாள். தங்கமான பெண். நான் தப்பாக நினைக்கவில்லை.

உன் நம்பரை மறுபடியும் போனில் ஏற்றிவிட்டேன், கூப்பிட்டால் எடுப்பேன். ஆனாலும் இதைக் கடிதமாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. லீனாவையும் கட்டாயம் அழைத்து வா. அந்தக் கண்ணாடி அறை ஆட்கள் நான்கு பேரையும் கூப்பிடு. வக்கீலையும் கூப்பிடு. என் அடுக்களை வழியாக உள்ளே கூட்டிப் போய், எல்லோருக்கும் நானே பரிமாறுகிறேன். தெரியாது என்று கையெழுத்துப் போட உங்கள் கம்பெனியில் இனி ஒரு ஆளும் மிஞ்சக் கூடாது.

உன் அக்கா,
மங்களம்